மூன்று நாள் காய வேண்டிய வலை

செய்தி வந்தபோது காலை பதினொன்றரை மணி. சனிக்கிழமை என்பதால் வங்கியில் கணக்கை முடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருப் பால்காரர் சுப்புராயன் சைக்கிளைப் படியோரம் சாய்த்துவிட்டு, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"லூசிம்மா, உங்க பெரிம்மா பூட்டாங்க. காலைல வலைய கய்வி கொடியில போட்டாங்களாம். வந்து நாற்காலியில குந்தினாங்களாம். அவ்ளோதான்."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் என் வாயில் வந்தது ஒரு கேள்வி. "வலையைப் போட்டாங்களா, யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன். சுப்புராயன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒதியம்பட்டுப் பக்கம் எங்கள் கோயில் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அது மீன் பிடிக்கிற வலை இல்லை. பெரியம்மா அன்னாமேரியின் வீட்டு ஏ.சி.க்குள் தூசியைத் தடுக்கிற நைலான் வலை. பழைய சிலேட்டுப் பலகை அளவில் சட்டம் போட்டு இருக்கும். இருபது மைலுக்கு உள்ளே எந்தக் கிராமத்திலும் அப்போது ஏ.சி. கிடையாது. எங்கள் தெருவில் இருந்தது. அது வந்த கதையிலிருந்துதான் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல முடியும்.

என் பெரியப்பா அமிர்தசாமி சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கடைசியாக ஜிபுத்தியில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலில் ஊருக்கு வந்தபோது, மற்றவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு மரப்பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்தால் ஏ.சி. தெருவே கூடி நின்று பார்த்தது. நடேசன் மட்டும், இதில் எந்தப் பக்கம் படம் தெரியும் என்று கேட்டார். நடேசன் எங்கள் தெருக்கோடியில் மோட்டார் வைத்து நெல் பயிரிடுகிறவர்.

அதை வைக்க ஜன்னல் ஒன்றை எடுக்க வேண்டும். பெரியம்மா விடவில்லை. ஏரிக் காற்று வருகிற ஜன்னலை அடைத்துவிட்டுப் பெட்டிக் காற்றை எதற்கு விலைக்கு வாங்குவது என்றாள். சண்டை ஒரு மாதம் நடந்தது. கடைசியில் கொத்தனார் கூரையை ஒட்டி, காற்றுத் துவாரம் இருந்த இடத்தைப் பெரிதாக இடித்து, மேலே உத்தரத்திலிருந்து இரும்புச் சட்டம் தொங்கவிட்டு அதில் மெஷினை உட்காரவைத்தார். கூரைக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண். அதற்குள் தலையைக் கொடுத்துத் துடைக்கப் பெரியப்பாவால் முடியாது, அவர் ஆறடி. பெரியம்மாவைப் பள்ளிக்கூடப் பிள்ளை என்று பஸ்ஸில் அரை டிக்கெட் கொடுத்த கண்டக்டர் இருக்கிறார். அப்படித்தான் மெஷினே வேண்டாம் என்றவள் தலையில் மெஷின் வேலை விழுந்தது.

பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். மாதம் ஒருமுறை முகப்பைக் கழற்றி வலையைக் கழுவ வேண்டும். உள்ளே சீப்புப் பல் மாதிரி இருக்கும் தகடுகளில் ஒட்டிய தூசியைத் தட்ட வேண்டும். தண்ணீர் வடிகிற குழாயை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியம்மா தூசியைச் சமையலறைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தட்டினாள். வளைந்த தகடுகளைப் பேன் சீப்பால் வாரினாள். அந்தச் சீப்பால்தான் என் தலையையும் வாரியிருக்கிறாள் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஏணியில் ஏறும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். தான் மேலே இருக்கும்போது கீழே யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்கள், முக்கியமாகத் தன் புருஷன் போட்டுவிடுவார் என்று சொல்வாள்.

பெரியப்பா அந்த மெஷினைத் தனக்கென்று ஓட்டவே இல்லை. விருந்தாளி வந்தால் ஓட்டுவார். அவர்கள் "ஆகா" என்றதும் நிறுத்திவிடுவார். மற்ற நாளில் அதற்கு ஒரு பூப்போட்ட உறை. மே மாத வெயிலில் வாசலில் கயிற்றுக் கட்டிலில் விசிறியோடு படுத்துக்கொண்டு, உள்ளே ஏ.சி. இருக்கிறது என்பதை நினைத்தே குளிர்ந்துகொண்டார். பெரியம்மா இதைச் சிரிக்காமல் சொல்வாள்: "உசுரோட இருந்த வரைக்கும் ஒருநாள் அந்த ரூமுல படுக்கல. செத்த பின்னாடிதான் ரெண்டு நாளு சொகுசா படுத்தாரு."

அது எண்பத்து மூன்றில். பெரியப்பா இறந்ததும், பிரான்ஸில் இருக்கும் மகன் பவுல்ராஜ் வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் அதற்கு வழக்கம் ஒன்றுதான். பட்டணத்து ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் வாங்கி, மரத்தூளில் பொதிந்து, கட்டிலுக்குக் கீழே அடுக்குவது. கோயில் உபதேசியார் மரியதாஸ்தான், வீட்டிலேயே ஏ.சி. இருக்கும்போது ஐஸ் எதற்கு என்றார். அந்த யோசனைக்காக அவருக்கு அன்று நல்ல பேர். ஆனால் வோல்டேஜ் போதாது. தெருவில் யாரும் விளக்குப் போடக் கூடாது, நடேசன் மோட்டார் போடக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. நடேசன் இரண்டு நாளும் வரப்பில் நின்று பயிரையும் பெரியப்பா வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் நெற்றியில் ஒரு சொட்டு நீர் நின்றது. யாரோ துடைத்தார்கள். மறுபடி நின்றது. மரியதாஸ் ஜெபத்தை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தார். செத்தவருக்கு வேர்க்குமா என்று ஒரு கிசுகிசுப்பு கிளம்பி வாசலுக்குப் போய், வாசலிலிருந்து தெருவுக்குப் போய், அமிர்தசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று திரும்பி வந்தது. பெரியம்மா மட்டும் நிமிர்ந்து மேலே பார்த்தாள். தலைவிரி கோலமாக இருந்தவள் கூந்தலை முடிந்துகொண்டு, ஏணியைச் சுவரில் சாய்த்து, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு ஏறினாள். வடிகுழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. குத்தி எடுத்தாள். பெரியப்பாவுக்கு வேர்ப்பது நின்றது.

அன்றிலிருந்து மகன் வரும்வரை அவள் கண் மெஷினைவிட்டு இறங்கவில்லை. ஸ்டெபிலைசர் முள் இறங்குகிறதா, தண்ணீர் சொட்டுகிறதா, சத்தம் மாறுகிறதா. பவுல்ராஜ் வந்து அப்பா முகத்தைப் பார்த்து அழுதான். எல்லோரும் ஏ.சி.யைப் புகழ்ந்தார்கள். அதுதான் வினையாயிற்று.

எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கிறார்கள். அடுத்த வருடம் இன்னொரு சொல்தா வீட்டுக் கிழவர் இறந்தார். மகன் ரெயூனியன் தீவில் இருந்தான். உபதேசியார் வந்து, கொஞ்சம் ரூம் வேண்டும் என்றார், ஏதோ கல்யாணத்துக்குப் பந்தி விரிக்கக் கேட்பதுபோல. பெரியம்மாவால் மறுக்க முடியவில்லை. கிழவர் அவள் கட்டிலில் படுத்திருந்தார். மகன் விமானத்தைத் தவறவிட்டு மெதுவாக வந்தான். எல்லாம் முடிந்து ஒரு மாதம் பெரியம்மா அடுப்படியில் படுத்தாள்.

பிறகுதான் வலை கொடிக்கு வந்தது.

யாராவது படுத்த படுக்கையாகிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பெரியம்மா ஏணியை எடுப்பாள். வலையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, கிணற்றடிக் கொடியில் தொங்கவிடுவாள். கேட்க வந்த மரியதாஸிடம், வலை காயாமல் மெஷினை ஓட்டினால் மெஷின் வெடித்துவிடும் என்றாள். எத்தனை நேரம் காய வேண்டும் என்று அவர் கேட்டார். மூன்று நாள் என்றாள் பெரியம்மா. இது நைலான், நம் வேட்டி சேலையைப்போல் இல்லை, உள்ளுக்குள் ஈரம் நிற்கும் என்றும் சொன்னாள். நைலான் உதறினாலே காய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அது எங்கள் தெருவில் வேறு யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மரியதாஸ் அந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு, சாவு வீடு வீடாகப் போய்த் தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார்: வலை மூன்று நாள் காய வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். ஐஸ் கம்பெனிக்கு மறுபடி வியாபாரம் ஆயிற்று.

ஆனால் ஊர் கவனித்துக்கொண்டிருந்தது. அன்னாமேரி வலையைக் கழுவினால் யாரோ போகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. யாருக்கு உடம்பு முடியவில்லை என்பது எங்கள் டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே அவள் காதில் விழுந்துவிடும், அதனால் கணக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நோயாளி வீட்டுக்காரர்கள் வில்லியனூருக்கு டாக்டரை அழைக்கப் போகும் முன், கிணற்றடிப் பக்கமாக ஒரு நடை வந்து கொடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெரு வேலம்மாளின் மாமியாருக்கு மூச்சிரைத்தபோது கொடி காலியாக இருக்கவே, டாக்டர் வேண்டாம் என்று கஷாயத்தோடு விட்டுவிட்டார்கள். அவளும் பிழைத்துக்கொண்டாள்.

எண்பத்தாறில் அல்போன்சா அத்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது.

அல்போன்சா பெரியப்பாவின் தங்கை. எதிர் வீடு. பெரியம்மாவுக்கு நாத்தனார் என்பதால், முப்பது வருடம் இருவரும் முறைப்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குப் பருத்த உடம்பு, கனத்த குரல். மகன் செபாஸ்டின் பிரான்ஸில் லியோனில் இருந்தான். தான் போகும்போது மகன் வந்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அதை எல்லோரிடமும் சொல்வாள், கறி விற்கிறவனிடம்கூட.

மூன்றாவது வாரம் அத்தை கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். காற்றுக்காகக் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பெரியம்மா வீட்டுக் கிணற்றடி தெரியும். ஒருநாள் காலை கண்ணைத் திறந்தபோது, பெரியம்மா குதிகாலை உயர்த்தி எக்கி நின்று, வலையைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். மூன்று வாரமாகப் பிடிமானம் இல்லாமல் நடக்காதவள் தெருவைக் கடந்து, கிணற்றடிக்குப் போய், வலையைப் பிடுங்கிக்கொண்டு, பெரியம்மா வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் வலை. அன்று நான் பெரியம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"இன்னா அண்ணி, எனக்கு நாள் குறிச்சிட்டியா?"

"வலையில தூசிடி."

"போன வாரந்தான் கய்வின. மேட்டுத்தெரு பெரியவர் போறதுக்கு மொத நாளு."

"தூசிக்கு இன்னா, கெய்மையா தெரியும்?"

அத்தை வலையைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒரு பொட்டுத் தூசியும் இல்லை. களைந்த அரிசி மாதிரி வெள்ளையாக இருந்தது. பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"எம்புள்ள என் மூஞ்சிய பாக்க வேணாமா? எங்க அண்ணன உம்புள்ளைக்கி நீ காட்டல?"

"காட்டினேன். அதனாலதான் சொல்றேன்." பெரியம்மாவின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "ரெண்டு நாளும் நான் உங்க அண்ணன பாக்கலடி. மெஷினத்தான் பாத்துக்கினு கெடந்தேன். சொட்டுதா, சொட்டுதான்னு. ஒரு சொட்டு நான் அழுவல. எடுத்துக்கினு போன பின்னாடிதான் தெரிஞ்சுது, அவரு மூஞ்சிய நான் சரியாவே பாக்கலன்னு."

அத்தை தூக்கிப் பிடித்திருந்த வலையை மடியில் இறக்கினாள்.

"என்ன மட்டும் அந்த ரூமுல போட்டுடாதீங்க. போன அன்னிக்கே, வெளிச்சம் இருக்கச்சொல்ல, மண்ணுல வெச்சிடுங்க."

"உம்புள்ள?"

"அவங்கிட்ட என் போட்டோ இருக்குது. அதுல சிரிச்சிக்கினுகூட இருக்கேன்."

பிறகு பேரம் நடந்தது. சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் துண்டுக்குள் கை கொடுத்துப் பேசுவார்களே, அந்த அடக்கம். அத்தை முந்தினால் அவளுக்கு ரூம், செபாஸ்டின் வரும்வரை, வலை மெஷினில் இருக்கும். பெரியம்மா முந்தினால் அவளுக்கு அன்றே மண், பவுல்ராஜ் என்ன சொன்னாலும் அத்தை பார்த்துக்கொள்வாள். ரூம் சும்மா கிடைக்காது என்றாள் பெரியம்மா. மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்து ஏணியைப் பிடிக்க வேண்டும். அத்தை ஒப்புக்கொண்டாள். போகும்போது, தான் குணமாகிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் அதை அடுத்த வாரம்தான் சொன்னார்.

இரண்டு வருடம் அந்த வேலை நடந்தது. நான் பார்த்த வேடிக்கைகளில் அதற்கு இணை இல்லை. பெரியம்மா இடுப்பில் ஃபியூஸோடு மேலே, கூரைக்கும் மெஷினுக்கும் நடுவே தலையைக் கொடுத்தபடி. கீழே அத்தை ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பெரியம்மா பேன் சீப்பால் தட்டுகிற தூசி முழுக்க அத்தை தலையில் இறங்கும்.

"பாத்து தட்டு அண்ணி, கண்ணுல வுய்து."

"இருடி, உனக்கு இப்பவே பவுடர் போட்டுவிடறேன்."

அத்தை ஏணியை லேசாக ஒரு ஆட்டு ஆட்டுவாள். முந்திக்கொள்கிறாயா என்று கேட்பாள். பெரியம்மா மேலிருந்தே, இடம் பிடித்து வைத்திருப்பவள்தான் முதலில் ஏற வேண்டும் என்பாள்.

வலையை மாட்டியதும் சோதனை ஓட்டம். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அத்தை, எங்கே காற்று வருகிறது என்று தெரிய வேண்டும் என்று சொல்லி, கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்துக் கையைக் கோத்துக்கொண்டாள். கால் பக்கம் குளிர் வரவில்லை, தலையைத் திருப்பி வையுங்கள் என்றாள். திருப்பினால் கால் வாசலைப் பார்க்காது, அது முறையில்லை என்றாள் பெரியம்மா. வேண்டுமானால் கட்டிலையே நகர்த்தலாம் என்று நான் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து நகர்த்தினோம். அத்தை மறுபடி ஏறிப் படுத்தாள். அப்போதுதான் உபதேசியார் ஏதோ வரி கேட்கக் கதவைத் திறந்தார். அத்தை கையைக் கோத்தபடி படுத்திருக்கிறாள், மெஷின் ஓடுகிறது, பக்கத்தில் நானும் பெரியம்மாவும். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அத்தை கண்ணைத் திறந்து, "இன்னும் இல்ல உபதேசியாரே, பாத்துக்கினு இருக்கோம்" என்றாள். ஒரு வருடம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்துக் கழுவ ஆரம்பித்ததும் வலைக்குச் சகுனம் போய்விட்டது. ஆனாலும் ஊருக்குப் பழக்கம் விடவில்லை. செய்தி கேட்டபோது என் வாயிலும் அதுதானே வந்தது.

வங்கியிலிருந்து நான் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முதல் சனிக்கிழமைதான் அது. வழக்கம்போல் அத்தை ஏணியைப் பிடிக்க, பெரியம்மா வலையைக் கழற்றியிருக்கிறாள். கழுவிக் கொடியில் போட்டிருக்கிறாள். காயட்டும், அதற்குள் ஒரு காப்பி என்று அத்தை அடுப்படிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது காப்பி ஒரு டம்ளருக்குத்தான் தேவைப்பட்டது.

அத்தை அழவில்லை. பெண்கள் பெரியம்மாவைக் குளிப்பாட்டியபோது அவள் இடுப்பிலிருந்து ஃபியூஸ் கட்டை விழுந்தது. அத்தை அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

பங்குச் சாமியார் வீட்டு டெலிபோனுக்குப் பவுல்ராஜ் பேசினான். அழுதான். வைத்திருங்கள், வீட்டில்தான் மெஷின் இருக்கிறதே, திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்றான். மகன் கேட்கிறான், வேறென்ன வேண்டும். மரியதாஸ் செய்தியோடு வரும்போதே, வழியில் நடேசனிடம் மோட்டார் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். கூடத்திலிருந்து பெரியம்மாவை ரூமுக்குத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். அத்தை போய் ரூம் வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் அந்த வாசலில் ஈ நுழைய முடியாது.

"வலை காயல," என்றாள்.

மரியதாஸ் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். மே மாத உச்சி வெயில். துணி துவைக்கிற கல் மேல் கால் வைக்க முடியவில்லை. கொடியில் கிடந்த பெரியம்மாவின் சேலை அப்பளமாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் வலை. வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உபதேசியார் விரலால் தொட்டார், விரலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கிணற்று மேடையில் ஒரு சொம்பு கவிழ்ந்து கிடந்தது. நான் அதைக் காலால் தள்ளித் தொட்டிக்குப் பின்னால் விட்டேன்.

திரும்பி வந்து, வலை இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"ஓட்டேன். உன் கையாலயே சுச்ச போடு," என்றாள் அத்தை. ஒரு கை இடுப்பில் இருந்தது. "நாலு வருசமா வூடு வூடா போயி நீதானய்யா சொன்ன, வெடிக்கும்னு. ஐஸ் வெச்சி பொதைச்சவங்களாம் இங்கதான் நிக்கிறாங்க. அவங்க எதிருல போடு."

மரியதாஸ் சுற்றிப் பார்த்தார். ஐஸ் வைத்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் என்பது சட்டம், அது யாருக்கும் பொது என்று அவரே பிறகு கூட்டத்துக்கு விளக்கினார். ஐஸ் வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கம்பெனி இருக்காது, வெயிலோ இப்படி அடிக்கிறது, அன்றே எடுத்துவிடுவதுதான் மரியாதை என்று நடேசன் உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.

ஐந்தரை மணிக்குக் கல்லறையில் வைத்தோம். புளியமரத்து நிழல் நீண்டிருந்தது, வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் அத்தை வெகுநேரம் பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. வேறெதையும் பார்க்க வேண்டிய வேலை அன்று யாருக்கும் இருக்கவில்லை. நானும் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேல் ஒரு கோடு தூசி இருந்தது, காலை மெஷினில் பட்டது. குளிப்பாட்டியவர்கள் கவனிக்கவில்லை. அத்தை முந்தானையால் அதைத் துடைத்தாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

பவுல்ராஜ் திங்கட்கிழமை வந்தான். கல்லறைக்குப் போய்விட்டு வந்து, கோபத்தில் யாரிடமும் பேசாமல் வீட்டைச் சுற்றி நடந்தான். அவன் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் முகம் அவனுக்குக் கிடைக்கவில்லை, அதற்கு ஈடு எதுவும் இல்லை. கிணற்றடியில் நின்று வலையைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதானே இருக்கிறது என்று என்னிடம் கேட்டான்.

"இன்றைக்குத்தானே மூன்று நாள் ஆகிறது," என்றேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். அவன் அம்மாவின் பிள்ளை. உதட்டோரம் ஏதோ அசைந்தது, ஆனால் அவன் அதற்குள் திரும்பிக்கொண்டான். எதிர் வீட்டுக்குப் போய் அத்தையின் பக்கத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அத்தைக்கு வேண்டியிருக்கும் என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

இன்று சாயங்காலம் வலையை மாட்ட நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். எனக்குப் பெரியப்பா வம்சத்து உயரம் இல்லை என்றாலும், அந்த ஒரு சாண் இடத்தில் என் தலை நுழையவில்லை. கீழே அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டு, வேறு குள்ளச்சியாகப் பார்க்க வேண்டும் என்றாள். தெருவில் யார் யார் குள்ளம் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். ஏணியை எடுத்து மூலையில் வைத்தோம்.

முகப்பின் நாலு ஸ்குருவும் ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளரில் இருக்கின்றன. ஃபியூஸ் அத்தையிடம் இருக்கிறது. வலை கொடியில்தான் இருக்கிறது, இன்னும் மாட்டவில்லை.